சரணத்தில் போகும் கரண்ட்

ஆலங்குடி வேகத்தடையில் கார் ஏறி இறங்கியதும் உள்ளே பாட்டுச் செட்டு பொட்டென்று நின்றது. திருப்பதி அப்போதுதான் பல்லவியை முடித்துச் சரணத்துக்கு வாயைத் திறந்திருந்தார். திறந்த வாயை மூடாமலே செட்டை ரெண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“லூஸ் காண்டாக்டா இருக்கும் சார்” என்றார் பின்சீட்டு குணசேகரன். அவர் தினமும் சொல்வது அதைத்தான்.

திருப்பதி கறம்பக்குடிக்காரர். புதுக்கோட்டையில் ஓர் ஆபீசில் சூப்பிரண்டெண்ட். போகும்போது அதே ஆபீசில் வேலை பார்க்கும் குணசேகரனையும் இன்னும் ரெண்டு பேரையும் சும்மாவே ஏற்றிக்கொண்டு போவார். முன்சீட்டு காலியாகக் கிடந்தாலும் மூன்று பேரும் பின்னால்தான் நெருக்கியடித்து உட்காருவார்கள். எல்லாம் தன்மேல் இருக்கிற மரியாதை என்று திருப்பதிக்கு ஒரே பெருமை.

அவருக்கு இருந்த கவலை வேறு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கறம்பக்குடி கல்யாண மண்டபத்தில் கரோக்கிப் பாட்டுப் போட்டி. பேர் கொடுத்து, நோட்டீசில் போட்டோவும் வந்தாயிற்று. வீட்டில் பாடிப் பழகலாம் என்றால், காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பாடினால்தான் குரல் எடுக்கும் என்று மனைவி கலைமதி அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதற்காகவே வாங்கி மாட்டியது இந்தச் செட்டு. பென் டிரைவில் இசை மட்டும் ஓடும், பாடுவது இவர்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பின்பக்க ஸ்பீக்கர் இரைகிறது என்று குணசேகரன் மெனக்கெட்டு வண்டியை கவியரசன் கடைக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணி வந்தார், அதற்கப்புறம்தான் இந்தப் பீடை பிடித்தது. இசை நின்றால் திருப்பதியும் பாட்டை நிறுத்திவிடுவார். மியூசிக் இல்லாமல் பாடுகிற பழக்கம் அவரிடம் கிடையாது. ஆகப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கையில் ஒரு சரணத்தைக்கூட முழுசாகப் பாடிப் பார்த்தபாடில்லை.

மனுஷன் விடுவாரா? நேரே கவியரசனிடம் போய் நின்றார். கறம்பக்குடியில் கார் ஒயரிங்குக்கும் விசேஷ வீட்டு மைக் செட்டுக்கும் கவியரசன்தான். அவர் ஃபியூஸை மாற்றினார். மறுநாள் சரணத்தில் செட்டு நின்றது.

பேட்டரியிலிருந்து நேராகவே ஒயர் இழுக்கச் சொன்னார் திருப்பதி. அந்தச் செட்டு ராத்திரியெல்லாம் அணையாமல் கிடந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டது. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியைத் தள்ளினார்கள். அப்படிக் கிளம்பியும் சரணத்தில் நின்றது.

அடுத்து எர்த் ஒயரை இடம் மாற்றினார்கள். அதிலிருந்து பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஆலங்குடி கடைவீதியில் மிதித்து மிதித்துப் போனதில், முன்னால் போன பஸ் டிரைவர் இறங்கியே வந்து என்ன அவசரம் என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று.

“பேசாம விட்டுருங்களேன் சார், அமைதியாப் போவோம்” என்றார் குணசேகரன், கெஞ்சாத குறையாக.

“விடுறதா? ரெண்டுல ஒண்ணு பாக்காம விட மாட்டேன்.”

சனிக்கிழமை லீவு. திருப்பதி தனியாக வண்டியை எடுத்தார். என்ன ஆச்சரியம், புதுக்கோட்டை போய்த் திரும்புகிற வரைக்கும் செட்டு நிற்கவே இல்லை. சரணத்தை ஆசைதீரத் திரும்பத் திரும்பப் பாடினார். சந்தோஷத்தில் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. ஊருக்குள் நுழையும்போது அவருக்குச் சங்கதி பளிச்சென்று புரிந்தது. ஆள் ஏறினால் நிற்கிறது, ஆள் இல்லாவிட்டால் ஓடுகிறது. அப்படியென்றால் பின்சீட்டுக் கனத்தில்தான் ஏதோ ஒயர் நசுங்குகிறது.

ஹாரனை அடித்துக்கொண்டே கவியரசன் கடை வாசலில் பிரேக் போட்டார். பின்சீட்டைத் தூக்கச் சொன்னதும் கவியரசனுக்கு முகம் வெளுத்துவிட்டது. முதலில் டீ குடிப்போம் என்றார். ஸ்பேனரை யாரோ வாங்கிப் போயிட்டாங்க, திங்கக்கிழமை வாங்க என்றார்.

“திங்கக்கிழமை எதுக்கு? நாளைக்குத்தான் போட்டி. தள்ளுப்பா அங்கிட்டு.”

திருப்பதி தானே சீட்டைப் பிடித்துத் தூக்கினார். அடியில் ஒரு ஒயர், ஒரு நசுங்கலும் இல்லாமல், அழகாக டேப் சுற்றி ஓரமாகப் போனது. அதன் முனையில், உட்கார்ந்திருப்பவர் கைக்கு வாகாக, ஒரு பெட் சுவிட்ச். அதை அமுக்கினார். செட்டு நின்றது. மறுபடி அமுக்கினார். பாடியது.

“செட்ட நிப்பாட்ட எதுக்குய்யா பின்னால ஒரு சுவிட்ச்?”

கவியரசன் தலையைச் சொறிந்தார்.

“செட்ட நிப்பாட்ட இல்ல சார், ஒங்கள நிப்பாட்டத்தான் அவங்க மூணு பேரும் வைக்கச் சொன்னாங்க. நாளைக்குப் போட்டிக்கு மைக் செட்டும் நம்மதுதான், அதுலயும் ஒண்ணு வைக்கச் சொல்லி ஒங்க வீட்டுல கலைமதி அக்கா காலையிலயே போன் பண்ணிட்டாங்க.”