டைகருக்கு ஞாபகம் வந்தால்

"சார், உங்க டைகர் மறுபடியும் எங்க பூஜை ரூம்ல படுத்திருக்கு" என்று எதிர்வீட்டு அச்சுதன் வந்து நின்றதும், பொன்னுரங்கம் சாப்பிட்ட கையோடு எழுந்து ஓடினார்.

குட்டியாக வந்ததிலிருந்து இருந்த வீடு கிழநாய்க்கு மறந்துபோயிற்று. கதவு திறக்கும் பக்கத்தை விட்டுவிட்டுக் கீல் பக்கம் மூக்கை வைத்துக் காத்து நின்றது. மகன் வெற்றிவேல் பொறுக்க முடியாமல் எல்லோரையும் காரில் ஏற்றித் தாம்பரத்தில் நாய் டாக்டர் ஜோதிலட்சுமியிடம் கூட்டிப்போனான்.

"மூளையில ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்ல சில கெமிக்கல்ஸ் இருக்கு சார். டோபமைன்னு ஒண்ணு. வயசானா குறைஞ்சிடும். எந்த வழியா போனோம், எங்க திரும்பினோம்னு மனசுல பதியறதுக்கு அது உதவும். இந்த மாத்திரை, இருக்கிற டோபமைன் சீக்கிரம் அழியாம பாத்துக்கும்."

"அப்போ பழைய வழியெல்லாம் ஞாபகம் வந்துடுமா?"

"நிச்சயமா சொல்ல முடியாது. தினம் போன வழின்னா வாய்ப்பு இருக்கு."

பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது.

மகள் ஓவியா தான் விரும்பிய கேஷவைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இந்த வீட்டு ஆளுங்க யாரும் இனிமே அவ வாசலை மிதிக்கக் கூடாது" என்று தெருவே கேட்கக் கத்தியவர் அவர். ஓவியா அதே கூடுவாஞ்சேரியில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்த பிறகு அவரால் இருப்புக்கொள்ளவில்லை. மாலையில் டைகரை நடத்திக்கொண்டு போவார். வாசலை மிதிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் போடும் சேரில் உட்கார்ந்து, பேத்தி ஊஞ்சலாடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். நாய்க்கு வழி மறந்து, நடையும் நின்றபின் அங்கே போக அவருக்கு வேறு சாக்கு இல்லை.

இப்போது ஞாபகம் திரும்பி, முன்போலக் காலையில் நடத்திப்போகும் மனைவி கங்கையம்மாளை அது இழுத்துப்போய் அந்தக் கேட்டில் நிறுத்தினால்? அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"மாத்திரையை நானே குடுக்கறேன்" என்றார்.

தினமும் இட்லி நாய்க்குப் போனது. மாத்திரை செம்பருத்திச் செடிக்குப் போனது.

"என்னப்பா, இன்னும் மோசமாயிட்டு வருது?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு வெற்றிவேல் டாக்டருக்குப் போன் போட்டான். டாக்டர் அளவைக் கூட்டினார். செம்பருத்திக்கு இரட்டிப்பாகக் கிடைத்தது.

ஒருநாள் மத்தியானம் குளியலறை மூலையிலிருந்து முனகல் கேட்டது. டைகர் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. பின்னால் திரும்பினால் வெளியே வந்துவிடலாம் என்று அதற்குத் தெரியவில்லை. கால்கள் நடுங்கின. பொன்னுரங்கம் அதன் கழுத்தைத் தொட்டதும் முனகல் நின்றது. அவரையாவது மறக்காமல் இருந்தது.

ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். 'என் மானம் இதைவிடப் பெரிசா?'

அன்றிலிருந்து மாத்திரை ஒழுங்காக உள்ளே போனது. மெல்ல மெல்ல டைகர் சரியான பக்கத்தில் நின்று கதவைப் பிறாண்டத் தொடங்கியது. பிறகு, வாயில் சங்கிலியைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்று பாய்ந்தார் பொன்னுரங்கம்.

"நீங்க எதுக்குங்க? முட்டி வலின்னு சொன்னீங்களே. நானே போறேன்."

"வேணாம் கங்கா, அது இழுக்கும். நீ விழுந்துடுவே."

"என்னை இழுக்காது. விடுங்க சங்கிலியை!"

அவரும் விடவில்லை, அவளும் விடவில்லை. கடைசியில் இருவரும் பிடித்தபடியே தெருவில் இறங்கினார்கள்.

"மார்க்கெட் பக்கம் போலாம்" என்று அவர் வலப்புறம் இழுத்தார். "ஆமாங்க, மார்க்கெட்தான்" என்று அவளும் இழுத்தாள். டைகர் இருவரையும் சேர்த்து இடப்புறம் இழுத்தது. தண்டவாளத்தைத் தாண்டி, பிள்ளையார் கோயிலில் திரும்பி, ஒரு இடத்திலும் தயங்காமல் போய் அந்தக் கேட்டின் முன்னால் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "கங்கா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..." என்று ஆரம்பித்தார். கங்கையம்மாள் அவரைப் பார்க்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குள் வாட்ச்மேன் துலுக்காணம் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான்.

"இன்னா சார், ரொம்ப நாளா ரெண்டு பேரையும் காணோம்? அம்மா காலைல வருவாங்க, நீங்க சாய்ங்காலம் வருவீங்க. இன்னிக்கு இன்னா ஒண்ணா வந்துகினு கீறீங்க? குந்த நம்மகிட்ட சேர் ஒண்ணுதானே கீது!"