அட்டை ஏவுகணை ஒப்பந்தம்

போட்டி தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒட்மார் இடுப்புயர அட்டை ஏவுகணை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஹெட்விக் அதை மேலும் கீழும் பார்த்தாள்.

வியன்னாவில் ஆயுதக் குறைப்புக்குப் புது யோசனை சொல்லும் போட்டி. ஆளுக்கு மூன்றே நிமிடம். ஜெயித்தால் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அவளுடைய தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. இதை விட்டால் லின்ஸில் அக்கா வீட்டு சோபாதான்.

“பேச்சுப் போட்டிக்கு எதுக்குடா ஏவுகணை?”

“சும்மா, தற்காப்புக்கு,” என்றான் ஒட்மார். கூடப் படித்தவன், இன்றைக்குப் போட்டியாளன். அவளை எங்கே சீண்டலாம் என்று நன்றாகத் தெரியும்.

பதிலுக்கு ஏதாவது தேடி ஹெட்விக் ஓடினாள். பழைய சாமான் கடையில் கையால் சுற்றும் அபாயச் சங்கு கிடைத்தது. திரும்பி வந்து அரங்க வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததில் மாடியில் இருந்தவர்கள் கீழே ஓடிவந்தார்கள். ஒட்மார் விடுவானா? எங்கிருந்தோ புகை இயந்திரம் கொண்டுவந்து ஏவுகணைக்கு அடியில் வைத்தான். தீயணைப்பு மணி அலறியது.

ஏற்பாட்டாளர் அம்மாள் மூச்சிரைக்க வந்தார். “இன்னொரு சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேர் பேரையும் அடிச்சிடுவேன். ஆயுதக் குறைப்புன்னு போர்டு வச்சுட்டு இங்க என்ன கூத்து இது?”

அவர் போனதும் ஒட்மார் சமாதானத்துக்கு இறங்கி வந்தான். “சரி, சங்கைக் கீழ வை. நானும் வச்சிடறேன்.”

“நீ முதல்ல வை.”

“ஏன், நீ வையேன்!”

“உன்னை நம்பறதுக்கு நான் என்ன லூசா?”

ஆயுத ஒப்பந்தங்களையே படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு வழியா தெரியாது? பரஸ்பர சோதனை நடந்தது. அவன் அவள் கைப்பையைக் கவிழ்த்தான். அவள் அவன் கோட்டுப் பையைத் துழாவினாள். விசில் ஒன்று சிக்கியது.

“துரோகி!”

இனி எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள நடுநிலையான ஆள் வேண்டும். பெஞ்சில் நரைமீசைக்காரர் ஒருவர் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

“சார், நீங்க எந்த ஊரு?”

“ஜூரிச்.”

“சுவிஸ்!” இருவரும் ஒரே குரலில் கத்தினார்கள். “போட்டி முடியற வரைக்கும் இதெல்லாம் உங்ககிட்ட இருக்கட்டும் சார். எங்க ரெண்டு பேர்ல யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க.”

“தரவே மாட்டேம்மா,” என்றார் அவர், மீசையில் ஒட்டிய ரொட்டித் தூளைத் தட்டியபடி.

மேடையில் ஹெட்விக் வெறுங்கையோடு நின்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். நடுவர் ஒருவர் கொட்டாவி விட்டார். அக்கா வீட்டு சோபா கண்ணில் தெரிந்தது. அடுத்து ஒட்மார் பேசியபோது இன்னொரு நடுவர் தூங்கியே விட்டார். அப்பாடா, இவனும் தேற மாட்டான் என்று அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

“கடைசியாக, திரு. ஊர்ஸ் ட்செல்வெகர்!”

நரைமீசைக்காரர் ஏவுகணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேடையேறினார். மேஜையில் அதை நிறுத்தி, பக்கத்தில் சங்கு, புகை இயந்திரம், விசில் என்று வரிசையாக வைத்தார். தூங்கிய நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எதிரிங்க ரெண்டு பேரும் ஆயுதத்தை மூணாவது ஆள்கிட்ட ஒப்படைச்சிடணும், இதான் என் யோசனை. இதெல்லாம் நடக்கற காரியமான்னு கேப்பீங்க.” அவர் முன்வரிசைப் பக்கம் கையைக் காட்டினார். “அதோ அந்தப் பிள்ளைங்க, என் பேரைக்கூடக் கேக்காம, தாங்களே கொண்டுவந்து என் கையில குடுத்துட்டுப் போனாங்க.”