எனக்கு முன்னே திருச்சி போன பெட்டி

திருச்சியில அக்கா மகனுக்குக் காதுகுத்து. நான் போகணும். சோலி அவ்வளவுதான்.

அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். கடுக்கனும் நான்தான் கொண்டு போகணும்.

கொடைக்கானல்ல கம்பளிக்கடை வச்சிருக்கிறவனுக்குப் பஸ் போதும். எனக்குப் போதலை. மதுரையிலேருந்து திருச்சிக்கு ஏரோப்ளேன் விடுறாங்கன்னு தெரிஞ்சதும் டிக்கெட் வாங்கிட்டேன். ஆகாய வழியில எழுபது மைல்தான்.

பெண்டாட்டி பிள்ளைகளை முந்தியே பஸ்ல ஏத்திவிட்டேன். "நீங்க வத்தலக்குண்டு, திண்டுக்கல்னு குலுங்கிக்கிட்டுப் போங்க. நான் அரை மணி நேரத்துல வந்து எறங்குறேன்."

"மதுரை வரைக்கும் உங்களை யாரு தூக்கிட்டுப் போவா?"ன்னு பெண்டாட்டி கேட்டா. அவளுக்கு விஞ்ஞானம் புரியாது.

கெளம்புற நேரம் ராகுகாலமாப் போச்சு. அதுக்கு வழி இருக்கு. முந்தின நாளே நல்ல நேரத்துல பெட்டியைப் பக்கத்து வீட்டுல வச்சுட்டா, ஆள் கெளம்பின கணக்கு. பரஸ்தானம்னு பேரு. கடுக்கன், பட்டுச்சட்டை, ப்ளேன் டிக்கெட் எல்லாத்தையும் பெட்டியில போட்டு, பக்கத்து வீட்டு லாரிக்காரர் சந்தானம் வீட்டுல வச்சேன்.

காலையில கோட்டு மாட்டி வெளியே வந்தா தெருவே நிக்குது.

"அண்ணே, மேகத்துக்குள்ள போறப்ப நனையுமா?"

"சன்னலத் தெறக்க விடுவாகளா?"

நாலு தடவை பறந்தவன் மாதிரி பதில் சொன்னேன். ஒருத்தர் மாலையே போட்டுட்டார். ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டே பஸ் ஏறினேன். ரெண்டு கையும் காலியா இருந்ததை நானும் கவனிக்கலை, தெருவும் கவனிக்கலை.

மதுரை விமான நிலையத்துல கவுண்டர்ல இருந்தவர் டிக்கெட் கேட்டார்.

"பெட்டியில இருக்கு."

"பெட்டி எங்க?"

அப்பத்தான் என் ரெண்டு கையையும் பார்த்தேன். "கொடைக்கானல்ல."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"வேற டிக்கெட் குடுங்க சார்."

"ப்ளேன் ரொம்பிருச்சுங்க. உங்க சீட்டு ஒண்ணுதான் காலி. அதுல உக்கார டிக்கெட் வேணும்."

திருச்சி பஸ்ஸைப் பிடிச்சேன். கொஞ்ச நேரத்துல தலைக்கு மேல சத்தம். சன்னல் வழியா என் சீட்டு பறந்து போறதைப் பார்த்தேன். கடுக்கனும் இல்லாம, மடியும் இல்லாம மருமகப் பய உக்கார்ந்திருப்பானேன்னு நினைச்சு அழுகையே வந்துடுச்சு. அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது?

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. மருமகன் காதுல கடுக்கன். நான் வாங்கின கடுக்கன். நடு வீட்டுல மணை மேல என் பெட்டி. சந்தனம், குங்குமம், மாலை.

பந்தியில சந்தானம் உக்கார்ந்திருந்தார். "நீங்க போன பெறகு பார்த்தேன், பொட்டி அங்கனயே கெடக்கு. கெழங்கு லோடு திருச்சிக்குத்தானேன்னு தூக்கிப் போட்டு வெரசா வந்துட்டேன்."

"ஏலே, நல்ல நேரம் முடியப்போவுது, உன்னையக் காணோம். எனக்கு உசுரே இல்ல"ன்னா அக்கா.

அத்தான் மோர் குடிச்சு முடிச்சார். "பொட்டி கெளம்புனா ஆள் கெளம்புன கணக்கு. அப்ப பொட்டி வந்தா ஆள் வந்த கணக்குத்தானே மாப்ள? அது மேல உக்கார வச்சுக் குத்தியாச்சு."

பெண்டாட்டி ஒண்ணுதான் கேட்டா. "அரை மணி நேரம் ஆச்சா?"

அப்புறம் அக்காவுக்கு மகள் பொறந்தா. காதுகுத்துக்குச் சந்தானத்துக்கிட்ட சொல்லிவிட்டாங்க: "தம்பிக்குச் சோலி இருந்தா வரவேண்டாம். பொட்டியை மட்டும் லாரியில ஏத்திவிடச் சொல்லுங்க."