தக்கை மாப்பிள்ளை

“ஷூவைக் கழட்டிட்டு உள்ள வாங்க சார்” என்றார் டெய்லர் மாஸ்டர்.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிட்டார்.

கோட்டுத் துணி எடுக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கூட வந்த மச்சான் கட்டம் போட்ட துணியைக் காட்டினார். மாப்பிள்ளையோ நெடுங்கோடு போட்ட கருநீலத்தைப் பிடித்தபிடியில் நின்றார். நெடுங்கோடு ஆளை உயரமாகக் காட்டும் என்று எங்கோ படித்திருந்தார். நூலகத்தில் வேலை பார்க்கிறவர், எதையாவது எங்காவது படித்திருப்பார். ஆனால் அளவெடுக்கும் அறையில் வெள்ளைக் கம்பளம் விரித்திருப்பார்கள் என்று எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை.

“கல்யாணக் கவுனெல்லாம் இந்தக் கம்பளத்துலதான் புரளும். அழுக்காகக் கூடாது பாருங்க” என்றார் மாஸ்டர்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். வரன் பார்க்கும் அலுவலகத்தில் கொடுத்த தாளில் ஐந்தடி எட்டு. எழுதியது அவருடைய அக்கா.

“உண்மையைப் போட்டு ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப் போச்சு. ரெண்டு இஞ்ச்தானே! யாருடா அளந்து பாக்கப் போறாங்க?”

மாப்பிள்ளையும் ஷூவுக்குள் தக்கை வெட்டி வைத்துக்கொண்டு பெண்ணைச் சந்திக்கப் போனார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். அவருடைய அறுவை ஜோக்குக்கெல்லாம் அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அதுவரை அவர் ஜோக்குக்கு அவரைத் தவிர யாரும் சிரித்ததில்லை. அதோடு அவளுடைய அடக்கம் வேறு. தட்டைச் செருப்பு, குறுக்கிய தோள், குனிந்த தலை, எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத் தேடி உட்காரும் பண்பு. இவள் கைநழுவிப் போனால் தாங்கமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. ஆறு மாதமாகத் தக்கையோடு நடக்கிறார்.

இன்று கூட வந்திருப்பதோ அவளுடைய அண்ணன். கட்டட மேஸ்திரி. இடுப்பில் எப்போதும் இரும்பு டேப் தொங்கும்.

“சாக்ஸ் கிழிஞ்சிருக்கு மாஸ்டர். இன்னொரு நாள் வரேனே.”

“நமக்குள்ள என்ன மாப்பிள்ளை வெக்கம்?” என்றார் மச்சான். மாஸ்டர் அலமாரியிலிருந்து புது சாக்ஸ் ஒரு ஜோடி எடுத்து நீட்டினார்.

மாப்பிள்ளை ஷூவைக் கழற்றினார். தக்கை தெரியாதபடி பழைய சாக்ஸை உள்ளே திணித்தார். கம்பளத்தில் கால் வைத்ததுமே குதிகாலைத் தூக்கிக்கொண்டார். தக்கைக் கணக்குக்குத் தைத்த கால்சட்டை என்பதால் நுனி தரையில் புரண்டு குதிகாலை மறைத்தது.

“இடுப்பிலேர்ந்து தரை வரைக்கும் நாப்பத்தொண்ணு” என்று மாஸ்டர் நோட்டில் எழுதினார்.

தப்பித்தோம் என்று நினைத்தார் மாப்பிள்ளை. ஆனால் மாஸ்டர் அவசரப்படுகிற ஆள் இல்லை. தோள், நெஞ்சு, கை, கழுத்து என்று ஒவ்வொன்றையும் ரசித்து அளந்தார். மாப்பிள்ளையின் கெண்டைக்கால் நடுங்க ஆரம்பித்தது. கழுத்துக்கு வரும்போது சதை பிடித்துக்கொண்டு, குதிகால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது.

“நான் எதையும் ரெண்டு தடவை அளப்பேன்” என்று மாஸ்டர் மறுபடி கீழே உட்கார்ந்தார். டேப்பைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். “என்ன சார், முப்பத்தொம்பதுங்குது?”

“மூச்சை விட்டுட்டேன் மாஸ்டர்.”

“மூச்சை விட்டா நெஞ்சு இறங்கும். கால் எப்படி சார் இறங்கும்?”

“இப்ப பாருங்க” என்று மாப்பிள்ளை பல்லைக் கடித்து மறுபடி எழும்பினார்.

“நாப்பத்தொண்ணு!” மாஸ்டர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார். “முப்பது வருஷமாத் தைக்கிறேன். அளவெடுக்கும்போதே வளர்ற ஆளை இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

மச்சான் புரட்டிக்கொண்டிருந்த பத்திரிகையை மூடினார்.

ஏதாவது சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளைக்குத் தான் படித்தது ஒன்று ஞாபகம் வந்தது. “மனுஷன் காலைல உயரமா இருப்பான், போகப்போகக் குறைவான் மச்சான். முதுகெலும்பு அமுங்கும். எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி.”

“முதுகெலும்புல வியாதியா? எங்ககிட்ட யாருமே சொல்லலையே!”

“ஐயோ, வியாதி இல்ல…”

“அரை மணி நேரத்துல ரெண்டு இஞ்ச் குறையறீங்க! அம்பது வயசுல உங்களை எங்க போய்த் தேடறது?” மச்சான் இடுப்பிலிருந்து இரும்பு டேப்பை உருவினார். “துணி டேப்பை நம்பக் கூடாது, இழுத்தா நீளும். சுவரோட நில்லுங்க. குதிகால் சுவர்ல ஒட்டணும்.”

ஆயுசு முழுக்கச் சுவரின் நேர்த்தியைப் பார்த்தே பழகிய கண் அது. அதற்கு முன்னால் எழும்பி நிற்க மாப்பிள்ளைக்குத் தைரியம் வரவில்லை. தலைமேல் மாஸ்டரின் அடிக்கோலை வைத்து, காதிலிருந்த பென்சிலால் மச்சான் சுவரில் ஒரு கோடு போட்டார்.

“அஞ்சடி ஆறு” என்றார்.

மாப்பிள்ளை சுவரை விட்டு நகர்ந்தார்.

“வியாதியெல்லாம் இல்ல மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “என் உயரமே இவ்வளவுதான். தாள்ல இருக்கிறது பொய். ஷூவுக்குள்ள தக்கை இருக்கு. உங்க தங்கச்சியை எனக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சு. சொன்னா வேண்டாம்னுடுவாங்களோன்னு பயந்துட்டேன்.”

மச்சான் கத்துவார் என்று எதிர்பார்த்தார். மச்சான் கத்தவில்லை. முகம் வெளுத்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சுவரில் இருந்த கோட்டையும் அதற்கு மேலே இருந்த வெற்றிடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அஞ்சு ஆறா… இதை எப்படி நான் தங்கச்சிகிட்ட சொல்லுவேன்?” என்று முனகியபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளை குனிந்து ஷூவைத் தேடினார். தக்கைகளை வெளியே எடுத்துப் போட்டார். இனி அவை எதற்கு?

அப்போது திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் துணி தைக்கும் அம்மாள், கையில் ஒரு வெள்ளைக் கவுனும் வாயில் நாலு குண்டூசியுமாக எட்டிப் பார்த்தாள். குண்டூசிகளை எடுத்துவிட்டு மச்சானிடம் சொன்னாள்:

“பொண்ணோட அண்ணன்தானே நீங்க? கவுன் மூணு இஞ்ச் குட்டையாப் போச்சு, நாளைக்கு மறுபடி அளவெடுக்க வரச் சொல்லுங்க. இந்தத் தடவையாவது முழங்காலை மடக்காம நேரா நிக்கச் சொல்லுங்க!”