வட்டக்காரரின் வலப்பக்கம்

கோலார் தங்கவயலில் எல்லோரும் பூமிக்குள் நேராகத் துளை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், பூமியின்மேல் வட்டம் போட்டே பிழைத்தவர் ஒருவர்தான். அவரை வட்டக்காரர் என்போம். காவேரி மின்சாரம் எங்களுக்கு வந்தது 1902இல். நான் சொல்வது அதற்கு முந்திய காலம்.

கோரமண்டல் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் நான் ரைட்டர். அவர் பெரிய துரையின் குதிரைக்காரர். சேணம் ஏறுமுன் எந்தக் குதிரையையும் நீளக் கயிற்றில் கட்டி, தாம் நடுவில் நின்று, சுற்றி ஓடவிடுவார். துரை பூட்ஸைத் தட்டிக்கொண்டு காத்திருப்பார்.

"ராத்திரி தின்ன கொள்ளு அது உடம்புல குதிக்குது தொர. என் கயித்துல எறங்கட்டும். ஒங்க முதுகுல இன்னாத்துக்கு?"

சீமையிலிருந்து வந்த சின்னத் துரை ஒருவர் காத்திருக்கவில்லை. மல்லி என்ற பெண்குதிரை அவரை நேராகத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டது. மறுநாள் அவர் வட்டக்காரருக்கு முந்தி லாயத்துக்கு வந்து, கைகட்டி நின்றார்.

ஆனால் வட்டக்காரர் வலமாக மட்டுமே சுற்றுவார். கோயிலைச் சுற்றுவதுபோல, குதிரையின் வலத்தோள் எப்போதும் உள்பக்கம். புதிதாக வாங்கிய ஆட்டையும் அப்படியே சுற்றினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையையும் வீட்டைச் சுற்றி நடக்கவிட்டுக் கால் பார்த்தார் என்பார்கள். அதை நான் நம்புகிறேன்.

"ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சுத்தணுமாம். இல்லன்னா உள்பக்கத்துக் காலு தேஞ்சிடுமாம். குதிர வைத்தியப் புத்தகத்துல போட்டிருக்கு" என்றேன் ஒருநாள்.

"எடமா சுத்தறது சாவுக்கு, ரைட்டரே. மல்லி இன்னா பொணமா?"

சில வருஷம் கழித்து ஒரு காலை, அவர் மல்லியை இடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். மாதா கோயில் மணிக்கூண்டு தலைகீழாக நின்றிருந்தால்கூட நான் அவ்வளவு திகைத்திருக்க மாட்டேன்.

"இன்னா வட்டக்காரரே இது?"

"வலமா வந்தா தலய ஆட்டுது. முன்னங்காலு. இந்தப் பக்கம்னா தெரியல." குரல் இறங்கியது. "தொர காதுல போட்டுடாதீங்க."

நொண்டும் குதிரைக்குத் துரைகள் வைத்திருந்த வைத்தியம் துப்பாக்கி ஒன்றுதான்.

பெரிய துரை காய்ச்சலில் படுத்திருந்ததால் கொஞ்ச நாள் ஓடியது. எழுந்து வந்தவர், சவாரிக்கு முன் சற்று நின்று பார்த்தார்.

"இன்னா மேன், புதுசா? எப்பவும் போல சுத்து."

கயிற்றைக் கைமாற்ற வட்டக்காரர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். மல்லி வலமாகத் திரும்பியது. வலது முன்னங்கால் தரையில் பட்டபோதெல்லாம் தலை தூக்கிப் போட்டது.

ஷிப்ட் சங்கு ஊதுமுன் லாயத்துக்குப் பின்னால் வெடிச்சத்தம் கேட்டது.

வட்டக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒங்க புத்தகம் நெசந்தான் ரைட்டரே. சாமி சுத்தறாப்பல சுத்திச் சுத்தி, நாந்தான் தேச்சிட்டேன்."

பிறகு ஊரைவிட்டு வெளியேறும் பேத்தமங்களா சாலையில் போனார். திரும்பாமல், நேராகப் போனார்.

ஆண்டர்சன்பேட்டை முருகன் கோயிலில் என் சுற்றுகளை முடித்தபின், குருக்கள் பார்க்காத நேரமாக, அவருக்கும் மல்லிக்கும் சேர்த்து இன்னும் ஒரு சுற்றுப் போகிறேன். இடமாக.