அவசர நிதியும் இடப்பக்கம் போகும் நாற்காலியும்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அண்ணி எழுதுகிறேன். நீங்கள், தங்கச்சி, பிள்ளைகள் எல்லோரும் சௌகரியமா? நான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதச் சொல்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. அதிகம் படிக்காதவள் எழுத்து இது. சங்கத் தலைவராக இல்லாமல் கொழுந்தனாராகப் படியுங்கள்.

நோயாளிகளுக்கு இலவசமாக வீல்சேர் கொடுக்கச் சங்கம் ஆரம்பித்து, உங்கள் அண்ணனைப் பொருளாளராக்கிவிட்டு நீங்கள் வெளியூர் போய்விட்டீர்கள். வரவில் மிச்சமானதையெல்லாம் அவர் அவசர நிதி என்று பாங்கில் டெபாசிட் போட்டார். நல்லதுதான், ஆனால் அதை எடுக்கிற அளவுக்கு ஒரு அவசரமும் அவருக்குப் பிடிக்கவில்லையே! டயர் கிழிந்தது, "இதெல்லாம் ஒரு அவசரமா?" என்று கயிற்றைச் சுற்றிக் கட்டினார். சங்கக் கூரை ஒழுகியது. "மழை விட்டா தானா நின்னுடும்" என்றார். டெபாசிட் கொழுத்தது, நாற்காலிகள் இளைத்தன. ஒவ்வொரு தடவை டெபாசிட்டைப் புதுப்பித்துவிட்டு வரும்போதும் பேரன் பிறந்த மாதிரி முகம். கடைசியில் அவருக்கே நடை போனது. அப்போது சங்கத்தில் மிஞ்சியிருந்தது ஒரே நாற்காலி, அதுவும் இடப்பக்கம்தான் போகும். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நேரே தள்ள, அது சுவரைப் பார்க்க, சுற்றிச் சுற்றி வந்தோம். காவலாளி, "ஏம்மா, டாக்டரைப் பார்க்கணுமா, இல்ல காத்து வாங்க வந்தீங்களா?" என்று கேட்டான். "டெபாசிட்டை எடுத்துப் புதுசா ஒண்ணு வாங்குங்களேன்" என்று அழுதேன். "சும்மா இருடி. பொருளாளரே தனக்கு எடுத்துக்கிட்டான்னு பேசுவாங்க. அவசரம்னு வந்தா பார்த்துக்கலாம்" என்றார். அவசரம் வந்தது, தம்பி. பார்த்துக்கொள்ளத்தான் அவர் இல்லை.

சாவி என் வீட்டில் இருக்கிறது என்பதற்காக இப்போது என்னையே பொருளாளராக்கிவிட்டார்கள். தையல்காரரின் அம்மா இடுப்பு உடைந்து கிடக்கிறாள். அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. டெபாசிட்டை உடைத்து நல்லதாக வாங்கப் போகிறேன். கூட வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மாட்டேன் என்றால் வந்து சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு அலுத்துவிட்டது.

பிள்ளைகள் நல்ல கால்களோடு ஓடியாடி இருக்கட்டும்.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: தபாலில் போடும் முன் விவரம் கேட்கப் பாங்குக்குப் போனேன். "இப்ப உடைச்சா வட்டி குறையும்மா, கொஞ்ச நாள் பொறுங்களேன்" என்றது அங்கிருந்த பெண். "அப்ப இருக்கட்டும், இப்ப என்ன அவசரம்?" என்று என் வாய் சொல்லிவிட்டது. வாசலுக்கு வந்த பிறகுதான் அது யார் பேச்சு என்று உறைத்தது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். கையெழுத்து போதாது தம்பி, நீங்களே கிளம்பி வாங்க. தையல்காரரிடம் அந்தப் பழைய நாற்காலியையே கொடுத்தாச்சு. வலப்பக்கம் பார்த்துத் தள்ளச் சொல்லியிருக்கிறேன்.