ஆறாம் நம்பர் வண்டியின் கோபம்

அன்று காலை பட்டறைக்குள் இருந்தவர்கள்:

சங்கத் தலைவர். மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குத் தலைவராக இருக்கத் தெரியும்.

கோச். நாட்டு அணியைத் தயார் செய்கிறவர். இடது கையுறையை முதலில் மாட்டினால் விழமாட்டோம் என்று நம்பி, இருபது வருடமாக வலது கையைக் காத்திருக்க வைப்பவர்.

மெக்கானிக். கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினைப் பிரித்து மாட்டுவார். தலைவர் எதிரே வாயையும் மூடிக்கொள்வார்.

அணியில் ஓட்டுகிறவர்கள் ஆறு பேர். ஐந்து பேர் அதிர்வு ஐயாவின் பக்தர்கள். ஆறாவது ஆள் ரொட்டிக்காரி.

ஐயாவின் மருமகன். அக்காள் மகன். ஏழாம் நம்பர் வண்டி, மாற்று ஆள். யாராவது கழன்றால்தான் இவனுக்கு இடம். அதனால் எல்லோருடைய உடம்பையும் தினமும் அக்கறையாக விசாரிப்பான்.

கடைசியாக, அதிர்வு ஐயா.

வெளியே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், முந்நூறு பேருக்குக் குறையாத கூட்டம்.

போட்டி ஆறு நாள். பல நாட்டு அணிகள் வரும். ரோடு கிடையாது. மலை, ஆறு, மணல், பாறை என்று நாள் முழுக்க ஓட்ட வேண்டும். வண்டி கெட்டால் ஓட்டுகிறவரே சரிசெய்துகொள்ள வேண்டும். ஓட்டம் முடிந்ததும் வண்டிகளை ஒரு முற்றத்தில் விட்டுப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது. காலையில் அவரவர் நிமிடத்தில் கிளம்ப வேண்டும். ஒரு நிமிடம் தாமதம் என்றால் ஒரு நிமிடம் அபராதம்.

இதற்கு, பூட்டும் முற்றம் உட்பட எல்லாம் அதே விதிப்படி, பத்து வாரம் பயிற்சி. எட்டு வாரம் பயிற்சியே நடந்தது. ஒன்பதாவது வாரம் ஐயா வந்தார்.

அவருடைய கருவி, சிவப்பு நூலில் கட்டிய ஒரு பழைய ஸ்பார்க் ப்ளக். அதை வண்டிக்கு மேலே தொங்கவிடுவார். வலது பக்கம் சுற்றினால் வண்டியின் மனசு நல்ல மனசு. இடது பக்கம் சுற்றினால் ஆபத்து. திங்கட்கிழமை இரண்டாம் நம்பருக்குச் செயின் கழலும் என்றார். கழன்றது. செவ்வாய்க்கிழமை நான்காம் நம்பருக்கு பிரேக் பெடல் விழும் என்றார். விழுந்தது. புதன்கிழமை ஒன்றாம் நம்பருக்கு ஆயில் ஒழுகும் என்றார். ஒழுகி, கோச்சின் காலணியை நனைத்தது. அந்தக் காலணியை கோச் இப்போது கழுவுவதில்லை.

ஊர் திரண்டுவிட்டது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் மோட்டாரைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி ஒருத்தி கொண்டுவந்தாள். ஒரு பெரிய மனிதர் வேலைக்குப் போகாத தன் மாப்பிள்ளையையே கூட்டி வந்திருந்தார். "நாலு வருஷமா ஸ்டார்ட் ஆகமாட்டேங்கிறார் ஐயா" என்று முறையிட்டார். ஐயா ப்ளக்கைத் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையத்தை மாட்டினார். வளையத்துக்கு விலை உண்டு. மாப்பிள்ளை வளையத்தோடு போய் மர நிழலில் படுத்துக்கொண்டார்.

அணிக்கும் வளையங்கள் வந்தன. பிரேக் பிடியில் ஒன்று, கிளட்ச் பிடியில் ஒன்று. அதிர்ஷ்டம் உள்ளே வரும்போது திரும்பச் சிரமப்படக் கூடாது என்று வண்டிகளை எல்லாம் கேட்டைப் பார்த்து நிறுத்தினார்கள். கிளம்பும் முன் மூச்சை அடக்கிக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். மூன்றாம் நம்பர்க்காரன் இரண்டாவது சுற்றில் மயங்கி விழுந்தான். மற்றவர்கள் விழாமல் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பினார்கள். ஆறு நாளுக்குப் பன்னிரண்டு நிமிட அபராதம். போட்டிக்குப் போகும் முன்பே தோற்பதற்கு இவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி எடுத்த அணி வேறு இருக்க முடியாது.

சுற்றாமல் கிளம்பியவள் ரொட்டிக்காரி மட்டும். பதினோரு வருடம் மலைக் குடியிருப்புகளுக்கு ரொட்டிப் பெட்டி கட்டி வண்டி ஓட்டியவள். சரிவில் ஒரு ரொட்டி நசுங்கினாலும் முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். அந்த முதலாளியை விடக் கண்டிப்பான கோச் எந்த நாட்டு அணிக்கும் கிடைத்ததில்லை. இந்தப் போட்டிக்காக அவள் லீவு கேட்டபோது, "போனா போனதுதான்" என்றார் அவர். போய்விட்டாள். இப்போது கையில் இருப்பது இந்த ஆறாவது இடம் மட்டும்தான்.

அந்த இடத்துக்கு மேலேதான் வியாழக்கிழமை காலை ஐயா ப்ளக்கைத் தொங்கவிட்டார். அது இடது பக்கம் சுற்றியது. நன்றாகவே சுற்றியது.

"அடடா" என்றார் ஐயா.

"என்னாச்சு ஐயா?" தலைவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

"கோபமா இருக்கு. இன்னைக்கு ஒண்ணும் செய்யாது. நாளைக்குப் பின் சக்கரத்தைக் கழட்டி விட்டுடும்."

"வண்டிக்கு என்ன கோபம்?" என்று ரொட்டிக்காரி கேட்டாள்.

"வண்டிக்கு வண்டி மேல கோபம் வருமாம்மா? ஓட்டுற ஆள் மேலதான். உன் அதிர்வு ஒத்துக்கல."

"எட்டு வாரமா ஒத்துக்கிச்சே."

"எட்டு வாரமாப் பொறுத்திருக்கு. பாவம்."

பக்தர்கள் ஐந்து பேரும் ஆறாம் நம்பர் வண்டியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஐயா அடுத்து மருமகனின் ஏழாம் நம்பருக்குப் போனார். ப்ளக் வலது பக்கம் சுற்றியது. "தங்கம்" என்றார். மருமகன் வெட்கப்பட்டான். அவன் போட்டிருந்த சட்டையின் முதுகில் ஏற்கெனவே ஆறு என்று தைத்திருந்தது.

"பெயர்ப் பட்டியல் சனிக்கிழமை போகணும்" என்றார் தலைவர். "நாளைக்கு ஐயா சொன்னபடி நடந்துட்டா, தப்பா நினைக்காதேம்மா, தம்பி பேரைத்தான் போடணும்."

அன்றைய ஓட்டத்தில் அவள் ஒவ்வொரு கல்லிலும் பின் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு மேட்டில் இன்ஜினை அணையவிட்டாள். ப்ளக்கை நம்பாதவளையே ப்ளக் இந்தப் பாடு படுத்தினால், நம்புகிறவர்களைக் கேட்கவே வேண்டாம்.

மதியம் வண்டி கழுவும் இடத்தில் மெக்கானிக் மட்டும் இருந்தார்.

"அண்ணே, செயின், பெடல், ஆயில் மூடி. இந்த மூணும் தானா கழலுமா?"

"கழலலாம்."

"நீங்க மாட்டினது கழலுமா?"

மெக்கானிக்குக் கோபம் வந்தது. அதுதான் அவளுக்கு வேண்டும். "நான் மாட்டினா நான்தான் கழட்டணும்" என்றார்.

"அப்புறம் ஏன் பேசாம இருக்கீங்க?"

"தலைவர் பேசுறாரே."

"இன்னொண்ணு கவனிச்சீங்களா? அவர் இதுவரைக்கும் பிஸ்டன் போகும்னு சொன்னதில்ல. உள்ள இருக்கிற எதையுமே சொன்னதில்ல. எல்லாம் ஸ்பேனர் எட்டுற இடம்தான். என்ன ஞானக்கண்ணோ, மூடிக்கு வெளியவே நின்னுடுது."

மெக்கானிக் குழாயை மூடினார். "பூட்டின முற்றத்துக்கு இன்னொரு சாவி அவர்கிட்டதான் இருக்கு" என்றார் மெதுவாக. "சாயங்காலம் இன்ஜின்களோட தியானம் பண்ணணுமாம். தலைவர் குடுத்தாரு."

"அவர் பையில என்ன இருக்கு?"

"அதிர்வுக் கல்லாம்."

"கல்லு சத்தமா அது?"

மெக்கானிக்கின் காது முப்பது வருடக் காது. "இருபத்தேழாம் நம்பர் ஸ்பேனர் சத்தம். பின் சக்கர நட்டுக்கு உள்ளது" என்றார்.

ஏழு வண்டிகளும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், ஒரே நாளில் வந்தவை. வித்தியாசம், முன்னாலும் பக்கவாட்டிலும் திருகியிருக்கும் நம்பர் தகடுகள் மட்டும்தான். ரொட்டிக்காரி ஆறின் தகடுகளைக் கழற்றி ஏழில் மாட்டினாள். ஏழின் தகடுகளை ஆறில் மாட்டினாள். கால் மணி நேர வேலை.

"அந்தத் தம்பி தன் வண்டிய அடையாளம் கண்டுபிடிச்சிட்டா?" என்றார் மெக்கானிக்.

"அவன் அதுல ரெண்டு தடவதான் உக்காந்திருக்கான் அண்ணே. ரெண்டு தடவையும் போட்டோவுக்கு."

பிறகு தங்கையிடம் வாங்கி வந்திருந்த ஊதா நிற நெயில் பாலிஷை எடுத்தாள். ஏழு வண்டிகளிலும், பின் சக்கரத்தின் நட்டிலிருந்து வண்டியின் இரும்புச் சட்டம் வரை ஒரு மெல்லிய கோடு போட்டாள். நட்டைத் திருப்பினால் கோடு உடையும். கோட்டுக்குப் பக்தி கிடையாது.

வண்டிகள் முற்றத்துக்குள் போயின. கோச் இரும்புக் கதவைப் பூட்டினார். சாயங்காலம் ஐயா பையோடு வந்து, கதவைத் திறந்து, இருபது நிமிடம் தியானம் செய்துவிட்டுப் போனார். போகும்போது முகத்தில் அமைதி இருந்தது, கையில் கொஞ்சம் கிரீஸ் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வேலியில் கூட்டம் இரண்டு மடங்கு. சக்கரம் கழல்வதைப் பார்க்க வருகிறவர்களுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை. கோச் வண்டிகளை வெளியே தள்ளச் சொன்னார். ரொட்டிக்காரி ஐயாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, கிளம்புறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க. தப்பா ஏதும் பட்டுடப் போகுது."

"தப்பா படுறதுக்கு இது என்ன டாக்டர் ரிப்போர்ட்டா?" கூட்டம் சிரித்தது. ஐயா ஆறு என்று எழுதிய வண்டிக்கு மேலே ப்ளக்கைத் தொங்கவிட்டார். இடது பக்கம். "நேத்தைவிடக் கோபம்" என்றார். ஏழு என்று எழுதிய வண்டிக்குப் போனார். வலது பக்கம். "அதே தங்கம்."

"இதுல தம்பி ஓட்டலாம்."

"கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"ரொம்ப சந்தோஷம்" என்றாள் ரொட்டிக்காரி. "அண்ணே, ரெண்டு வண்டியோட இரும்புச் சட்டத்துல அடிச்சிருக்கிற நம்பரையும் படிங்க."

மெக்கானிக் பதிவேட்டைத் திறந்தார். தலைவரைப் பார்த்தார். வாயை மூட நினைத்து, முப்பது வருட வேலையை நினைத்து, திறந்தார். ஆறு என்று எழுதியது ஏழாம் நம்பர் வண்டி, ஏழு என்று எழுதியது ஆறாம் நம்பர் வண்டி என்று உரக்கப் படித்தார்.

"நேத்து மதியம் தகட்டை மாத்தி மாட்டினேன்" என்றாள் அவள். "நேத்துக் காலையில கோபமா இருந்த வண்டி இன்னைக்குத் தங்கம். தங்கமா இருந்தது கோபம். வண்டி அதே வண்டி. ப்ளக்குக்கு மனசு படிக்கத் தெரியல தலைவரே, நம்பர் படிக்கத் தெரியுது."

"அதிர்வு தகட்டுலயும் தங்கும்மா" என்றார் ஐயா. பழகின வாய், பதில் உடனே வந்தது. தலைவர் தலையாட்டினார். கோச்சும் ஆட்டினார். வேலியில் அறுநூறு தலை ஆடியது.

"சரி, தங்கட்டும். தம்பி, ஐயாவோட ஆசீர்வாதம் உனக்கு இருக்கு. இந்தா, ஆறு தகட்டோட நிக்கிற உன் வண்டி. அந்தப் பாறைச் சரிவுல இறங்கிக் காட்டு."

மருமகன் தன் வண்டியைப் பார்த்தான். சரிவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"மாமா" என்றான். "நட்டை ரெண்டு சுத்து மட்டும்தான தளர்த்தினீங்க, இல்ல முழுசா கழட்டிட்டீங்களா?"

அவ்வளவு பேர் கூடியிருந்த இடத்தில் அப்படி ஓர் அமைதி அதற்கு முன் இருந்ததில்லை. மூச்சை அடக்கும்படி இந்த முறை யாரும் சொல்லவில்லை.

ரொட்டிக்காரி குனிந்து காட்டினாள். ஆறு வண்டிகளில் ஊதாக் கோடு முழுசாக இருந்தது. மருமகனின் வண்டியில் உடைந்திருந்தது. நட்டை அவள் விரலாலேயே சுழற்றினாள், சுழன்றது. மெக்கானிக் ஐயாவின் தோளிலிருந்து பையை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு கல்கூட விழவில்லை. இருபத்தேழாம் நம்பர் ஸ்பேனர் விழுந்தது. அதன் வாயில் ஊதாப் பூச்சு ஒட்டியிருந்தது. கூடவே முற்றத்தின் சாவியும் விழுந்தது.

"அது, தியானத்துக்கு..." என்று தொடங்கினார் ஐயா.

வேலியில் முதலில் ஏறியவர் மாப்பிள்ளை. நாலு வருடமாக ஸ்டார்ட் ஆகாதவர், மணிக்கட்டில் சிவப்பு வளையத்தோடு, ஒரே தாவலில் இந்தப் பக்கம் குதித்தார். பின்னால் தண்ணீர் மோட்டார்க்காரி. பின்னால் மற்றவர்கள். ஐயா வேட்டை நாயைக் கண்ட முயல் மாதிரி ஓடினார். பட்டறை வாசலில் கூட்டம், கேட்டில் கூட்டம். திறந்திருந்தது ஒரே கதவு. பூட்டும் முற்றத்தின் இரும்புக் கதவு. உள்ளே போய்விட்டார்.

ரொட்டிக்காரி கதவின் குறுக்கே நின்றாள். அடி விழுந்தால் ஐயா நாளைக்குத் தியாகி ஆகிவிடுவார், அதை அவள் விரும்பவில்லை.

"கைய வைக்காதீங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு" என்றாள்.

தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "பட்டியல்ல ஆறாவது பேர் அப்படியே இருக்கட்டும்" என்றார், அது தன் யோசனை மாதிரி.

கூட்டத்தில் தையல் மெஷின்காரர் மட்டும் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "ஏம்மா, இவரு போனா போறாரு. இதே மாதிரி வேற யாராவது, கொஞ்சம் நாணயமா பாக்குறவங்க, இருக்காங்களா?"

ரொட்டிக்காரி அவர் தோளில் இருந்த மெஷினைக் காட்டினாள்.

"மெஷின் ஓடலைன்னா கழட்டிப் பாக்குறீங்க இல்ல?"

"ஆமா."

"ஒருத்தன் வந்து ஒண்ணு சொன்னா, அதையும் ஒரு தடவ கழட்டிப் பாக்குறதுக்கு என்ன கேடு?"

அவர் மெஷினைத் தோளில் மாற்றிக்கொண்டு யோசித்தபடி போனார். யோசித்தார் என்பதே பெரிய விஷயம்.

கோச் போட்டி விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். "பூட்டுற முற்றத்துக்குள்ள போனது எதுவும் காலையில கிளம்புற நேரம் வரைக்கும் வெளிய வரக் கூடாது" என்று படித்தார். பிறகு கையுறைகளை எடுத்தார், இரண்டையும் பார்த்தார், வலதை முதலில் மாட்டினார். விழவில்லை.

"எப்பம்மா திறப்பீங்க?" உள்ளேயிருந்து ஐயாவின் குரல் கேட்டது.

"ப்ளக்கைக் கேளுங்க ஐயா" என்று சொல்லி, ரொட்டிக்காரி கதவைச் சாத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்தாள்.